பின்பக்கமாக ஏறிய கார்

அந்தக் கார் எங்கள் லைனுக்கு ரிவர்ஸில்தான் ஏறும்.

குன்னூரிலிருந்து வரும் தார் ரோடு எஸ்டேட் கேட்டோடு முடிந்துவிடும். அதற்கு மேல், எங்கள் வரிசை வீடுகளான லைன் வரைக்கும், கல் பாவிய ரோடு. தேயிலைக்கு நடுவே நேராக மேலே போகும். வளைவு கிடையாது. வெள்ளைக்காரன் காலத்தில் மாட்டு வண்டிக்குப் போட்டது என்பார்கள். மாடு எப்படி ஏறியதோ தெரியாது. கார் ஏறவில்லை.

காலி வண்டி என்றால் முதல் கியரில் முக்கி முனகி மேலே வந்துவிடும். ஆளும் பெட்டியும் இருந்தால் பாதியில் நின்றுவிடும். அந்த வண்டியில் ரிவர்ஸ் கியர் முதல் கியரைவிட மெதுவானது. மெதுவான கியருக்கு இழுவை அதிகம். அதனால் கேட்டுக்குப் பக்கத்தில் வண்டியைத் திருப்புவேன். கழுத்தைப் பின்னால் திருப்பிக்கொண்டு பின்பக்கமாகவே ஏற்றுவேன். உள்ளே இருப்பவர்கள் வந்த வழியைப் பார்த்தபடியே மேலே போவார்கள். மழை பெய்தால் அதுவும் நடக்காது. பாரம் முன்பக்கம் சாய்ந்துவிடும். பின் ரோதை கல்லில் வழுக்கிச் சும்மா சுற்றும். சக்கரத்தை நாங்கள் ரோதை என்போம். எல்லாரும் இறங்கித் தள்ளுவார்கள். தள்ளிவிட்டு ஊருக்குப் புதிதாக வந்தவர்கள் என்னைப் பார்ப்பார்கள். நான் ரோட்டைப் பார்ப்பேன்.

இலங்கையில் தலவாக்கலைப் பக்கம் ஒரு தோட்டத்தில் லாரி ஓட்டினேன். தேயிலை பேக்டரியை அங்கே ஸ்டோர் என்போம். முதலில் ஸ்டோரில் இன்ஜினுக்கு எண்ணெய் விட்டேன். பிறகு லாரியில் கிளீனர். பிறகு டிரைவர். படிப்பு தோட்டத்துப் பள்ளிக்கூடத்தோடு சரி. அதுவும் முழுசாக இல்லை. பிறகு தோட்டத்து ஆட்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பினார்கள். கப்பலில் வந்து மண்டபம் முகாமில் கிடந்து, கடைசியில் குன்னூர் பக்கம் ஒரு தோட்டத்துக்கு எங்களை அனுப்பினார்கள். என் சம்சாரம் கொழுந்து எடுக்கப் போனாள். லைன் வீடு அவள் பேரில். எனக்கும் தோட்டத்தில் மண்வெட்டி வேலை கொடுத்தார்கள். தண்ணீர் ஓடும் கான் வெட்டினேன், குழி எடுத்தேன். முடியாத வேலை இல்லை. ஆனால் ஸ்டியரிங் பிடித்த கைக்கு அது ஒட்டவில்லை. ராத்திரி படுத்தால் கால் தானாக கிளட்சை மிதிக்கும்.

அங்கத்து லைசென்ஸ் இங்கே செல்லாது என்றார்கள். மறுபடியும் ஓட்டிக் காட்டி இங்கத்து லைசென்ஸ் வாங்கினேன்.

குன்னூர் பஜாரில் ஒரு மளிகைக்கடைக்காரர் இருந்தார். ஊர் அவரைப் பாய் என்று கூப்பிடும். நான் முதலாளி என்பேன். எங்கள் லைன் ஆட்கள் அவர் கடையில்தான் சாமான் வாங்கினார்கள். அவர் ஒரு பழைய காரை வாங்கி வாடகைக்கு விட்டிருந்தார். அந்த வருஷங்களில் மேட்டுப்பாளையம் ஸ்டேஷனில் எங்கள் ஆட்கள் வந்து இறங்கிக்கொண்டே இருந்தார்கள். தகரப் பெட்டி, கம்பளி, தையல் மெஷின், மூட்டை, பிள்ளைகள். எந்தத் தோட்டம் எந்தப் பக்கம் என்று தெரியாமல் பிளாட்பாரத்திலேயே உட்கார்ந்திருப்பார்கள். அவர்கள் பேச்சைப் பேசுகிற ஒரு டிரைவர் இருந்தால் நம்பி ஏறுவார்கள் என்று முதலாளி கணக்குப் போட்டார். அப்படித்தான் மண்வெட்டியை மூலையில் வைத்துவிட்டு ஸ்டியரிங்கைப் பிடித்தேன்.

வண்டி இறங்கும். ஏறாது. கல்லாறு தாண்டி மலை தொடங்கியதும் மூச்சு வாங்கும். ரேடியேட்டர் கொதிக்கும். பானெட்டைத் திறந்து வைத்துக்கொண்டு ரோட்டோரம் நிற்பேன். மற்ற டாக்ஸிகள் ஹாரன் அடித்துக்கொண்டு போகும்.

ஒரு நாள் முதலாளி கடையில் கூப்பிட்டார். பருப்பு நிறுத்துக்கொண்டே பேசினார்.

"நேத்து எங்க நின்னே?"

"பர்லியாறுக்குக் கீழ முதலாளி."

"முந்தாநாளு?"

"அதுக்கும் கொஞ்சம் கீழ."

"உனக்குப் பின்னாடி கெளம்புன வண்டி ஊட்டிக்குப் போயிட்டு திரும்பி வருது. நீ பானெட்டைத் தொறந்து வச்சுக்கிட்டு குரங்குக்குக் காவல் இருக்கே."

கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். அவர் சிரிக்கவில்லை.

"பங்குனி வரைக்கும் பாப்பேன். அதுக்குள்ள என்ன செய்வியோ செய். ஒரு நாள் நானும் உக்காந்து வருவேன். ஆளு, பெட்டி எல்லாத்தோடயும் மேட்டுப்பாளையத்துல இருந்து உன் லைன் வாசல் வரைக்கும் நிக்காம ஏறணும். நின்னுச்சுன்னா வண்டியை எடைக்குப் போட்டுருவேன்."

எடைக்குப் போனால் எனக்கு ஓட்ட வேறு வண்டி இல்லை. மற்ற முதலாளிகளுக்கு மற்ற டிரைவர்கள் இருந்தார்கள். புதிதாக வந்தவன் கையில் யாரும் சாவி கொடுக்கமாட்டார்கள். வீட்டில் சொன்னேன். சம்சாரம் ரொட்டி தட்டிக்கொண்டிருந்தாள். தேங்காய் போட்ட இலங்கை ரொட்டி.

"மம்பட்டி எங்கயும் போயிறாது. அந்தா மூலையிலதான் கெடக்கு" என்றாள்.

ஆறுதலாகச் சொன்னாளா, குத்திக் காட்டினாளா என்று கேட்கவில்லை.

குன்னூரில் ஆற்றோரம் ஒரு மெக்கானிக் பட்டறை இருந்தது. மெக்கானிக் காரமடைப் பக்கத்துக்காரர். மலைக்கு வந்து வெகு காலம். எப்போதும் மங்கிக் குல்லாய் போட்டிருப்பார். இன்ஜினைக் கேட்கும்போது மட்டும் காதுப்பக்கம் தூக்கிவிட்டுக்கொள்வார்.

வண்டியைக் கேட்டுவிட்டு, "ஏனுங்க, இது காருங்களா, ஈளைக்காரனுங்களா? இப்புடி இழுக்குது" என்றார்.

முதலாளியும் வந்திருந்தார். மெக்கானிக் அவரிடம், "இன்ஜினை மாத்திப் போட்டரலாமுங்க. கோயமுத்தூர்ல டீசல் இன்ஜின் கெடைக்குமுங்க. நல்லா இழுக்கும்" என்றார்.

"அந்தக் காசுக்கு நான் வேற காரே பாத்துருவேன். இருக்கிறதை வச்சு ஏத்து."

"இருக்கறத வெச்சுன்னா கொஞ்சங் கொஞ்சமாத்தானுங்க புடிக்கோணும். இங்க ஒரு சிட்டிகை, அங்க ஒரு சிட்டிகை."

"சிட்டிகையாவே புடி" என்று சொல்லிவிட்டு முதலாளி போனார்.

வண்டி ஓட்டம் இல்லாத நாட்களில் நானும் பட்டறையில் இருந்தேன். ஸ்பேனர் பிடிக்கத் தெரியும் என்பதால் கூலி ஆள் வைக்கவில்லை. மார்கழிக் குளிர். காலையில் இரும்பைத் தொட்டால் விரல் ஒட்டும்.

முதல் வேலை இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டைக் கழற்றியது. உள்ளே கரி. உளி வைத்துச் சுரண்டினோம். வால்வுகளுக்குப் பசை தடவி அவற்றின் இருக்கையிலேயே திருப்பித் திருப்பித் தேய்த்தோம். மூடும்போது காற்று கசியக்கூடாது. இதற்கு எதுவும் புதிதாக வாங்கவில்லை. கை வலிதான் செலவு. மூட்டி ஓட்டியபோது போன இழுவையில் பாதி திரும்பி வந்திருந்தது. மிச்சத்துக்குத்தான் யோசிக்க வேண்டியிருந்தது.

சைலன்சர் குழாயைப் பெரிதாக்கலாமா என்று கேட்டேன். ஊட்டியில் சில டாக்ஸிக்காரர்கள் அப்படிச் செய்திருந்தார்கள்.

"அது ரேஸுக்குப் போறவனுக்குங்க. வேகத்துல போனா அதுல ஏதோ உண்டு. ஏத்தத்துல மெதுவாப் போற வண்டிக்கு சத்தம்தான் வரும். சம்சாரம் லைன்ல இருந்தே நீங்க வர்றதக் கேட்டு ஒலை வெக்கலாம், அவ்வளவுதான்."

குழாயை விட்டுவிட்டோம்.

அடுத்தது கார்புரேட்டர். மலையில் காற்று லேசு. கீழே ஓடுகிற வண்டிக்கு வைத்த ஜெட் மேலே பெட்ரோலை அதிகமாக விடும். காற்று போதாமல் பாதி பெட்ரோல் புகையாகவும் கரியாகவும் போகும். மெக்கானிக் தன் டப்பாவைக் கிளறி, ஓட்டை சின்னதாக இருந்த ஜெட் ஒன்றை எடுத்துப் போட்டார். புகை நின்றது. பெட்ரோலும் மிச்சம்.

அதற்கடுத்தது பெரிய வேலை. ஹெட்டின் அடிப்பக்கத்தைச் சீவி எடுப்பது. சீவினால் சிலிண்டருக்குள் இடம் குறையும். காற்றும் பெட்ரோலும் இன்னும் இறுக்கமாக நெரிபடும். வெடிக்கும்போது அடி பலமாக விழும். புது இன்ஜின் போடாமல் இழுவை வேண்டும் என்றால் இதுதான் வழி. அருவங்காடு வெடிமருந்து பேக்டரியில் வேலை பார்த்து ரிட்டயர் ஆன ஒருவர் வீட்டோடு லேத் வைத்திருந்தார். ஹெட்டைச் சாக்கில் சுற்றி பஸ்ஸில் எடுத்துப் போனேன். கண்டக்டர் அதற்கும் டிக்கெட் கேட்டான். கொடுத்தேன்.

லேத்துக்காரர் தடவிப் பார்த்தார். "எவ்வளவு எடுக்கட்டும்?"

"மெக்கானிக் அரை நூல் சொன்னாரு."

"அரை நூலு ஜாஸ்தி. வண்டி எங்க ஓடுது?"

"மலையிலதான் ஐயா."

"மலையிலன்னா தாங்கும்" என்றார். அரை நூல், அதாவது அங்குலத்தில் பதினாறில் ஒரு பங்கு, எடுத்தார். ஹெட் கண்ணாடி மாதிரி வந்தது.

கடைசி வேலை டைமிங். பிளக்கில் நெருப்பு விழும் நேரத்தைக் கொஞ்சம் முன்னால் தள்ளுவது. டிஸ்ட்ரிபியூட்டரைப் பிடித்திருக்கும் போல்ட்டை இளக்கி, கையால் ஒரு மயிரிழை திருப்ப வேண்டும். அவ்வளவுதான். செலவே இல்லை. ஆனால் எவ்வளவு திருப்புவது என்பதை இன்ஜின்தான் சொல்லும்.

"மோசமான ஏத்தம் எதுங்க?" என்று மெக்கானிக் கேட்டார்.

"எங்க லைன் ஏத்தந்தான்."

"அங்கியே வெச்சுப் பாத்தர்லாம்."

இலங்கையிலும் நாங்கள் அப்படித்தான் செய்வோம். தோட்டத்தில் கோயிலுக்குப் போகிற ஏற்றம்தான் மோசமானது. லாரியை அதில் ஏற்றி இறக்கித்தான் டைமிங் வைப்போம். அது ஏறினால் எல்லாம் ஏறும். நான் மெக்கானிக்கிடம் அதைச் சொன்னேன். சரிதானுங்க என்றார்.

லைன் ஏற்றத்தில் பல தரம் ஏற்றி இறக்கினோம். ஒவ்வொரு தரமும் ஒரு மயிரிழை. கொழுந்து எடுக்கிற பெண்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். கடைசியில் மூட்டைகளை ஏற்றிக்கொண்டு, மூக்கை மேலே வைத்து, வண்டி இரண்டாவது கியரில் ஏறியது. மேலே போய் நின்றபோது ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தேன். கை வைக்கிற சூடுதான். டிஸ்ட்ரிபியூட்டர் நின்ற இடத்தில் உளியால் ஒரு கோடு போட்டேன். அதுதான் இனி இடம்.

"இனி ரிவர்ஸ் போட்டா கழுத்துதானுங்க சுளுக்கும்" என்றார் மெக்கானிக்.

பங்குனியில் முதலாளி நாள் சொன்னார். அன்றைக்கு விடியும்போதே என் சம்சாரம் கடை வாசலில் நின்ற வண்டிக்கு ஒரு எலுமிச்சம்பழமும் சூடமும் ஒரு சுருட்டும் எடுத்து வந்தாள். ஸ்டோரில் ஓடுகிற இயந்திரங்களுக்கெல்லாம் காவல் ரோதை முனி. அங்கே ரிப்பேர் பார்த்த இன்ஜினை முனிக்குக் காட்டாமல் முடுக்கமாட்டார்கள். இங்கே முனிக்குக் கோயில் இல்லை. பானெட் மேலேயே சூடம் ஏற்றினாள். சுருட்டைக் கொளுத்தி பம்பரில் வைத்தாள்.

முதலாளி தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்தார். "உங்க சாமிக்குச் சுருட்டு போதுமா?"

"போதும் முதலாளி."

"சாமி புகை விடட்டும். வண்டி விடாம இருந்தா சரி" என்று முன் சீட்டில் ஏறினார்.

இறங்கும்போது வண்டி பூப்போல இறங்கியது. இறக்கத்தில் எந்த வண்டியும் அப்படித்தான். முதலாளி மேட்டுப்பாளையம் மண்டியில் தன் வேலையை முடித்தார். ஸ்டேஷனில் ஒரு குடும்பம் நின்றது. புருஷன், பெண்சாதி, புருஷனின் அம்மா, இரண்டு பிள்ளைகள். எங்கள் தோட்டத்துக்கே வந்தவர்கள். மேலே கேரியரில் பெட்டிகளைக் கட்டினேன். தையல் மெஷினை டிக்கியில் வைத்தேன். பாரம் நன்றாகவே இருந்தது. கிளம்பும்போது வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. சீட் சுட்டது.

கல்லாறு வரை ரோடு தட்டை. பாக்குத் தோப்பு தாண்டி முதல் ஏற்றத்தில் அமுக்கினேன். சத்தம் வந்தது. கொட்டாங்கச்சியில் கூழாங்கல்லைப் போட்டு ஆட்டுவது போல ஒரு சத்தம். காலை எடுத்தால் நின்றது. அமுக்கினால் வந்தது. லைன் ஏற்றத்தில் ஒரு தரம்கூடக் கேட்காத சத்தம். வண்டி இழுக்கவும் இல்லை. முதல் கியருக்கு இறக்கினேன். அப்போதும் தட்டியது.

முதலாளி என் முகத்தைப் பார்த்தார். "என்னது அது?"

"தட்டுது முதலாளி."

"யாரு?"

"இன்ஜின்."

இந்தத் தட்டலோடு பாரத்தை இழுத்தால் பிஸ்டன் உடையும். உடையாவிட்டால் ஹெட்டுக்கு அடியில் வைத்த கேஸ்கெட் தகடு போகும். நிறுத்தினால் முதலாளி சொன்ன வார்த்தை இருக்கிறது. ஒரு வளைவு வரை போனேன். இன்னொரு வளைவு வரை போனேன். சத்தம் கூடியது. மூன்றாவது வளைவில் ஓரம் கட்டி இன்ஜினை அணைத்தேன்.

பானெட்டைத் திறக்க நான் இறங்கியபோது மதில்மேல் குரங்குகள் உட்கார்ந்திருந்தன. முதலாளி அவற்றைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

பின்னால் இருந்த குடும்பமும் இறங்கியது. அந்தப் பெண்சாதி வாய்க்காரி. பெட்டியைப் பிடித்துக்கொண்டு சுற்றிப் பார்த்தாள்.

"என்னாண்ணே, இந்தக் காருக்கும் பாஸ்போட்டு கேக்குறாங்களா?"

"கொஞ்சம் பொறும்மா."

"நாங்க பொறுத்துத்தானே வந்திருக்கோம். கப்பல்ல பொறுத்தோம், முகாம்ல பொறுத்தோம். எங்கூர்ல ரயிலே மலை ஏறி வந்துரும். ஸ்டேஷன்ல எறங்குனா தோட்டந்தான். இங்க என்னான்னா ரயிலு கீழயே நம்மள எறக்கி விட்டுட்டு ஓடிப்போச்சு."

அவள் மாமியார் "சும்மா இருடி, அவரு வேலையப் பாக்கட்டும்" என்றாள்.

நான் பானெட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவள் விளையாட்டாகச் சொன்னதில் விஷயம் இருந்தது. இலங்கையில் என் லாரி போன தூரமெல்லாம் ஸ்டேஷன் வரைதான். தேயிலைப் பெட்டிகளை ஸ்டேஷனில் இறக்கிவிட்டுத் திரும்புவேன். அந்த ஸ்டேஷன் மலைமேல் இருந்தது. லாரி கீழே போனதே இல்லை. அதனால் தோட்டத்து ஏற்றத்தில் வைத்த டைமிங் எப்போதும் சரியாக இருந்தது. இங்கே ஸ்டேஷன் கீழே. காற்று கனம். வெயில். மார்கழிக் குளிரில் மலை உச்சியில் வைத்ததையெல்லாம் பங்குனி வெயிலில் அடிவாரத்துக்குக் கொண்டுவந்திருந்தேன். சின்ன ஜெட், சீவிய ஹெட், முன்னால் தள்ளிய நெருப்பு. மூன்றும் மேலே நல்லது. மூன்றும் கீழே கெட்டது. லேத்துக்காரர் எங்கே ஓடுகிறது என்று கேட்டபோது மலை என்றேன். பொய் சொல்லவில்லை.

ஜெட்டையும் ஹெட்டையும் அங்கே மாற்ற முடியாது. டைமிங்கை மாற்றலாம். போல்ட்டை இளக்கி டிஸ்ட்ரிபியூட்டரைப் பின்னால் திருப்பினேன். உளிக்கோடு விலகிப் போயிற்று.

ஸ்டார்ட் செய்தேன். தட்டல் நின்றது. இழுவையும் பாதி போயிற்று. முதல் கியரிலேயே ஊர்ந்தோம். நெருப்பு பிந்தி விழுந்தால் சூடு ஏறும். பர்லியாறு வருவதற்குள் ரேடியேட்டர் கொதித்தது. மறுபடியும் நிறுத்தினேன். ஓடையில் தண்ணீர் பிடித்து ஊற்றினேன். முதலாளி பழக்கடையில் மங்குஸ்தான் வாங்கி எல்லாருக்கும் கொடுத்தார். எனக்கும் ஒன்று கொடுத்தார்.

"நின்னா நின்னதுதான்" என்றார்.

"ஆமா முதலாளி."

"இப்ப எத்தனையாவது?"

"ரெண்டாவது."

"சரி. ஓட்டு. இதுங்கள வீட்ல சேக்கணும்ல."

பர்லியாறில் காற்று கொஞ்சம் குளிர்ந்திருந்தது. டிஸ்ட்ரிபியூட்டரை ஒரு மயிரிழை முன்னால் தள்ளினேன். தட்டவில்லை. காட்டேரி ஊருக்குக் கொஞ்சம் கீழே மறுபடியும் நிறுத்தினேன். கொதித்ததால் அல்ல. அதே காரியத்துக்காகத்தான். உளிக்கோட்டுக்கு நேராகவே கொண்டுவந்து போல்ட்டை முறுக்கினேன். முதலாளி இதை எண்ணவில்லை. எண்ணி ஒன்றும் ஆகப்போவதில்லை என்று விட்டிருப்பார்.

அதற்குப் பிறகு வண்டி வேறு வண்டியாகிவிட்டது. இரண்டாவது கியரில் வளைவு வளைவாக ஏறியது. மூன்றாவதும் விழுந்தது. கல்லாறில் ஹாரன் அடித்துவிட்டு எங்களைத் தாண்டிப் போயிருந்த ஒரு டாக்ஸி குன்னூருக்கு முன்னால் ஓரமாக நின்றது. பானெட் திறந்திருந்தது. நான் ஹாரன் அடிக்கவில்லை. முதலாளி கையை நீட்டி அவரே அடித்தார்.

எஸ்டேட் கேட்டில் பழக்கதோஷத்தில் வண்டியைத் திருப்பப் போனேன். பிறகு நேராகவே விட்டேன். கல் ரோட்டில் இரண்டாவது கியரில் ஏறியது. கொழுந்துக் கூடையோடு நின்ற பெண்கள் வழிவிட்டார்கள். லைன் வாசலில் நின்றோம். பெட்டிகளை இறக்கினோம். அந்தப் பெண்சாதி ரோட்டைத் திரும்பிப் பார்த்தாள்.

"இந்த ஏத்தத்துல நிக்கல. அந்த ஏத்தத்துல நின்னுச்சு. ஒங்க காருக்கு நம்மூரு ஞாபகம் போலருக்குண்ணே" என்றாள்.

முதலாளி ரேடியேட்டரைத் தொட்டுப் பார்த்தார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். என் சம்சாரம் அவருக்கு டீ கொடுத்தாள். குடித்துவிட்டுக் கிளம்பினார். போகும்போது மூலையில் சாய்த்திருந்த மண்வெட்டியில் அவர் கண் பட்டதோ என்னவோ. என் கண் பட்டது.

மறுநாள் மெக்கானிக் பட்டறைக்குப் போய் நடந்ததைச் சொன்னேன். அவர் குல்லாயைக் கழற்றித் தலையைச் சொறிந்தார்.

"நானும் கீழத்து ஆளுதானுங்க. காரமடையில பொறந்துட்டு இத யோசிக்கல பாருங்க. மலையில இருந்து இருந்து மூளையும் மேலயே நின்னுருச்சு."

"இப்ப என்னா செய்யலாம்?"

"ஹெட்டுக்கு அடியில கேஸ்கெட்ட ரெண்டாப் போட்டரலாமுங்க. சீவுனது ஈடாயிருமுங்க. ஜெட்டப் பழசு மாட்டிட்டாச் சரியாப்போச்சு. கீழ தட்டாது."

"லைன் ஏத்தம்?"

"அது மறுபடியும் ரிவர்ஸ்தானுங்க."

அதைக் கேட்டுக்கொண்டு கடைக்குப் போனேன். முதலாளி ஒரு கிழவிக்கு மிளகாய் கட்டிக்கொடுத்துக்கொண்டிருந்தார். அவள் போகும்வரை நின்றேன். மெக்கானிக் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப, பழையபடி ஆக்குனா ஸ்டேஷனுக்குப் போகும், ஆனா கொதிக்கும். இப்படியே விட்டா மேல பறக்கும், கீழ தட்டும். அப்படித்தானே?"

"அப்படித்தான் முதலாளி."

"வண்டி ஜெயிச்சதா தோத்ததான்னு எனக்கே தெரியல."

நான் நின்றேன். சாவி என் சட்டைப் பையில் இருந்தது. எடுத்து மேஜைமேல் வைத்துவிடலாமா என்று தோன்றியது. கேட்காமல் வைக்கவேண்டாம் என்று விட்டேன்.

அவர் தராசுத் தட்டைத் துடைத்தார். "பர்லியாறுக்குக் கீழ எறங்காதே. கோத்தகிரி போ, ஊட்டி போ, எஸ்டேட் ஓட்டம் போ. மத்தவன் ஏறப் பயப்படுற லைன் ரோடெல்லாம் இருக்கே, அங்க போ. பெரிய ஓட்டம் போச்சு. சின்ன ஓட்டமா ஓட்டு."

"சரி முதலாளி."

"ஆட்டோ, ஜீப்புன்னு எவனாச்சும் இந்த ஓட்டத்துக்கு வர்ற வரைக்கும் ஓடட்டும். அப்புறம் பாப்போம்."

அதோடு அந்தப் பேச்சு முடிந்தது.

மேட்டுப்பாளையத்தில் வந்து இறங்குகிறவர்களை அதற்குப் பிறகு நான் பார்க்கவில்லை. கீழே டாக்ஸிக்காரர்கள் என் வண்டிக்குத் தொரை வண்டி என்று பேர் வைத்ததாகச் சொன்னார்கள். வெயில் ஆகாதாம். நான் குன்னூர் ஸ்டேஷன் வாசலில் வண்டியைப் போட்டேன். கீழே இறங்கியவர்களில் பலபேர் சின்ன ரயில் பிடித்து மேலே வந்தார்கள். அந்த ஸ்டேஷன் மலைமேல் இருந்தது. உளிக்கோட்டை நான் தொடவேண்டிய அவசியமே வரவில்லை. பெட்டியோடு நிற்பவர்கள் வண்டியைப் பார்ப்பார்கள், பெயின்ட் போன மட்கார்டைப் பார்ப்பார்கள்.

"கார் ஏறுமா?" என்பார்கள்.

"ஏறும்" என்பேன்.

முன்பக்கமாகவே ஏறியது. அந்தக் காரும் அதற்குப் பின் இன்னொரு காருமாக முதலாளியிடம் பல வருஷம் ஓட்டினேன்.

அந்தப் பங்குனிக்கு அடுத்த மழையில் என் சம்சாரம் லைனுக்குப் பின்னால் பீன்ஸ் போட்டாள். மூலையில் கிடந்த மண்வெட்டியை எடுத்தாள். பிடி ஆடுகிறது என்றாள். ஆப்பு செதுக்கி அடித்துக் கொடுத்தேன்.